பெரிய ரோட்டில் ஏறாமல் கற்பிட்டிக்கு

கனமூலையிலிருந்து கற்பிட்டிக்குச் சைக்கிளில் போக வேண்டுமென்றால் போனில் உள்ள மேப் ஒரே வழியைத்தான் காட்டுகிறது. மதுரங்குளிக்கு வந்து, கொழும்பு - புத்தளம் பெரிய ரோட்டில் ஏறி, பாலாவிச் சந்தியில் இடது பக்கம் திரும்பி, நேரே வடக்கே. ஐம்பத்தேழு கிலோமீற்றர். நல்ல கால் உள்ளவனுக்கு நான்கு மணித்தியாலம். போன மாசி மாதம் நாங்கள் அந்த வழியால் போகவில்லை. கால்வாயைக் கடந்து கடற்கரை மணலால் போனோம். நாற்பத்தைந்து கிலோமீற்றர், ஒரு முழுப் பகல். தூரம் குறைவு, நேரம் இரட்டிப்பு. இதே வழியால் போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் என்பது நானும் மச்சான் இம்ரானும். ராத்தா என் அக்கா. மச்சான் அவவின் கணவர். கனமூலைக்காரர். மதுரங்குளியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சைக்கிள் என்றால் பைத்தியம். ஜப்பானிலிருந்து பழைய சாமானாக வந்து இறங்கிய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, எட்டு மாதம் அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். ஒன்பதாவது மாதம், முன்னால் போகும் பஸ்ஸை முந்த ஓடி வந்த இன்னொரு பஸ், கடைக்குப் போய்க்கொண்டிருந்த மச்சானைத் தட்டி வடிகானுக்குள் போட்டுவிட்டுப் போனது. நிற்கவில்லை. வலது காலுக்குள் இப்போதும் கம்பி இருக்கிறது. சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே ராத்தா அழுதா.

அந்த ரோட்டில் விழுகிறவர்கள் யார் என்று பாருங்கள். உப்பளத்துக்குப் போகிறவன், பாண் விற்கிறவன், பள்ளிக்கூடப் பிள்ளை. சைக்கிள்காரனுக்கு ரோட்டில் இருக்கும் இடம் வெள்ளைக் கோட்டுக்கும் வடிகானுக்கும் நடுவில் இரண்டு சாண். வெளிநாட்டுக்காரர் தலைக்கவசம் போட்டு வந்தால் பஸ் ஹோன் அடித்துக் கை காட்டுகிறது. சாரம் கட்டியவன் வந்தால் ஹோன் மட்டும்தான்.

ஒரு வருசத்துக்குப் பிறகு மச்சான் திரும்பவும் ஓட வேண்டும் என்றபோது, ராத்தா எனக்கு முன்னால் வைத்துத் தீர்ப்புச் சொன்னா.

“ஒரே ஒரு பயணம். தம்பியும் கூடப் போகட்டும். பெரிய ரோட்டுல ஒரு அடி ஏறினீங்க எண்டா, ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு சைக்கிள் கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போவார். நான் கதைச்சிட்டன்.”

“பெரிய ரோட்டுல ஏறாம எப்பிடி ராத்தா போற?” என்றேன்.

“அது உங்கட பிரச்சின. வழி இருந்தா சைக்கிள் இரிக்கும். இல்லாட்டி இல்ல.”

மச்சான் தலையைக் குனிந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எங்கள் முதல் திட்டம் இது இல்லை. சைக்கிள்களை லொறியில் ஏற்றி எலுவன்குளம் போய், அங்கிருந்து காட்டு ரோட்டால் மன்னார்ப் பக்கம், ராத்தா பிறந்த ஊருக்குப் போவதுதான் மச்சானின் ஆசை. விசாரித்தோம். காட்டுக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, யானை என்றார்கள். யானையோடு வாதாட முடியாது. மேப்பைத் தெற்கே திருப்பினோம்.

கனமூலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒல்லாந்தர் வெட்டிய பழைய கால்வாய் ஓடுகிறது. அதைத் தாண்டினால் ஒரு மணல் துண்டு. அந்த மணல் வடக்கே போய் நுரைச்சோலையைத் தொட்டு, அப்படியே கற்பிட்டி வரை நீள்கிறது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: கால்வாயை எங்கே கடப்பது? மேப்பில் ஒரு பாலம் இருந்தது. போய்ப் பார்த்தோம். தூண்கள் மட்டும் நின்றன. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒருவர் அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவாராம். தூணில் ஒரு நாரை நின்றது. அதற்காவது பிரயோசனம்.

தூண்களுக்குப் பக்கத்தில் றால் பிடிக்கும் அந்தோனி அண்ணனின் வள்ளம் கட்டியிருந்தது. அவர் வீடும் கனமூலைப் பக்கக் கரையில்தான். ஆளுக்கும் சைக்கிளுக்குமாக நூறு ரூபா என்றார். பிறகு மச்சானின் காலைப் பார்த்துவிட்டு, “சைக்கிளுக்கு மட்டும் தாங்க” என்றார்.

“ஞாயித்துக்கிழம திரும்பி வாறம் அண்ண.”

“பன்ரண்டுக்கு முந்தி வாங்க. பன்ரண்டுக்குப் பிறகு நான் படுத்துருவன். படுத்தா, செத்த மாதிரி.”

இந்த வசனத்தை நாங்கள் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். சாமான்: தண்ணீர், இரண்டு ட்யூப், பம்ப், பாணும் சம்பலும், ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு. எல்லாம் முதுகுப் பையில். என் பழைய சைக்கிளில் கரியர் இருந்தது. நான்தான் அதை மேலும் ஸ்டைலாக்குகிறேன் என்று கழற்றி வைத்திருந்தேன். மச்சானின் சைக்கிளில் கரியர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

“ஜப்பான் சைக்கிளுக்குக் கரியரா? மீன் யாவாரி எண்டு நெனச்சி மறிப்பாங்க” என்பார்.

கால்வாயைக் கடந்து இரண்டு கிலோமீற்றர் தென்னந்தோட்டத்துக்குள்ளால் போனால் கடல். மேட்டு மணலில் சைக்கிள் ஓடாது, உருட்டத்தான் வேண்டும். ஈர மணலில் ஓடும். ஆனால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். பெருவிரலால் அமத்தினால் உள்ளே போகிற அளவுக்கு. நாங்கள் முதலில் இறுக்கமாக ஓடி, நூறு மீற்றர் போவதற்குள் மூன்று தடவை விழுந்தோம். மணலில் விழுந்தால் வலிக்காது. மச்சான் ஒவ்வொரு தடவையும் எழும்பி, “இது ரோட்டு மாதிரி இல்ல, விழுத்தினாலும் நிண்டு பாக்குது” என்று கடலைக் காட்டிச் சிரித்தார்.

இந்த வழியில் திசை தவற முடியாது. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி எங்கே நின்றாலும் தெரியும். அதைப் பார்த்து மிதித்தால் சரி. மாசியில் காலையில் தரையிலிருந்து காற்று, பின்னேரம் கடலிலிருந்து. கரையில் நிற்கும் மின் காற்றாடிகளின் முகத்தைப் பார்த்தால் காற்று மாறுவது தெரிந்துவிடும். பன்னிரண்டு கிலோமீற்றர் கரையால் போய், நுரைச்சோலைக்கு முன்னாலேயே உள்ளே திரும்பிவிட வேண்டும். அங்கே கரை வேலிக்குள் இருக்கிறது.

நுரைச்சோலையில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம். வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் பக்கத்து வாங்கில் இருந்தார்.

“எங்கருந்து தம்பி?”

“கனமூலை” என்றார் மச்சான்.

“நீங்க?”

சைக்கிளில் போகிறவனிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் இதைக் கேட்பார்கள். மற்றவர்களுக்கு இது லேசான கேள்வி. நான் தில்லையடி அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் பிறந்தவன். தொண்ணூறில், யுத்தத்தில், முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய குடும்பம். ராத்தாவுக்கு அப்போது ஐந்து வயது. நான் வயிற்றில். பிறப்பு அத்தாட்சியில் புத்தளம் என்று இருக்கிறது. ஆனால் தில்லையடி என்று சொன்னால், “அது இரிக்கட்டும், சொந்த ஊரு?” என்று அடுத்த கேள்வி வரும். மன்னார்க்காரன் என்னைப் புத்தளத்தான் என்கிறான். புத்தளத்தான் அகதிப் பொடியன் என்கிறான்.

“புத்தளம்” என்றேன், கொஞ்சம் காரமாக.

“புத்தளத்துல எங்க?”

“எங்கட வீட்டுக்குப் பொண்ணெடுத்த ஊரு” என்று மச்சான் குறுக்கே விழுந்தார். “இவர் எண்ட மச்சினன். அதுக்கு மேல கேட்டீங்க எண்டா கடிச்சிருவார்.”

வெங்காயக்காரர் சிரித்து எங்கள் தேத்தண்ணிக்கும் காசு கொடுத்தார். ராத்தாவைக் கல்யாணம் முடித்தபோது மச்சானின் சொந்தக்காரர் பாதிப் பேர் வரவில்லை. அகதி வீட்டில் சாப்பிட மாட்டார்களாம். மச்சான் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்படித்தான் குறுக்கே விழுவார்.

நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி ரோட்டால் இருபத்தாறு கிலோமீற்றர். இது ராத்தா தடை போட்ட ரோட்டு இல்லை, ஆனால் பஸ் ஓடும். அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் கரைப் பக்கப் பாதைகளில் போனோம். ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல் கரைக்குப் போகும் பாதையில் கயிறு கட்டியிருந்தது. காவலுக்கு நின்ற பொடியன் எங்களைவிட இளையவன், நானா என்று அண்ணன் முறை வைத்துத்தான் பேசினான்.

“இங்கால போக ஏலா நானா.”

எங்களுக்குப் பக்கத்தால் இரண்டு வெள்ளைக்காரர் சைக்கிளில் வந்தார்கள். பொடியன் கயிற்றைத் தூக்கிவிட்டான்.

“அவங்க போறாங்க?” என்றேன்.

“அவங்க ரூம் எடுத்தவங்க.”

“கடலயும் சேத்தா எடுத்தாங்க?”

பொடியனுக்கு முகம் சிவந்துவிட்டது. “எனக்கிட்ட கேட்டு என்ன நானா செய்ற. எண்ட வாப்பாவும் இங்காலதான் வல இழுக்கப் போறவர். இப்ப சுத்தித்தான் போறார்.” அவனிடம் மேலும் என்ன சண்டை பிடிப்பது? சுற்றிப் போனோம். நீங்கள் போனாலும் சுற்றித்தான் போக வேண்டும். கோபத்தோடு போங்கள், அது இலவசம்.

கற்பிட்டியில் மச்சானின் கூட்டாளி ஒருவரின் கடைக்கு மேலே படுத்தோம். மச்சான் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, “வலிக்குதுதான். ஆனா நல்ல வலி” என்றார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே திரும்பினோம். பன்னிரண்டுக்கு முன்னால் கால்வாய். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நுரைச்சோலையைத் தாண்டிக் கரையில் இறங்கி மூன்று கிலோமீற்றர் வந்தபோது, மணலுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் இருக்கும், உடப்புத் தமிழர் பாதி, சிலாபத்துச் சிங்களவர் பாதி. கயிற்றின் மறுமுனை கடலுக்குள்.

“கொஞ்சம் பதிச்சா நாங்க போயிருவம் அண்ண” என்றேன்.

முன்னால் நின்ற சம்மாட்டி, வலைக்கும் ஆட்களுக்கும் பொறுப்பானவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். “கயிறு பதிஞ்சா மீன் போயிரும். கைய வச்சா நீங்க போயிருவீங்க.”

அது அந்தக் கரையின் முறை. வலை இழுக்கும்போது வந்து சேர்ந்தவன் கயிறு தொட வேண்டும். தொட்டவனுக்குக் கறிக்கு மீன் உண்டு. மீனை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. சொன்னால் அடுத்த தடவை வலையின் மடி, மீன் சேரும் பை, வெறுமையாக வரும் என்பார்கள். நான் நேரத்தைப் பார்த்தேன். மச்சான் சைக்கிளை மணலில் படுக்கப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

“கால் என்ன தம்பி?” ஒருவர் கேட்டார்.

“பஸ்.”

“எங்கட பக்கத்துலயும் ஒருத்தன். அவன் போயிட்டான்.” அதற்குப் பிறகு அவர் மச்சானுக்கு முன்னால் வந்து நின்று, பாரத்தைத் தான் எடுத்துக்கொண்டார்.

மடி கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலம் போனது. சூடை, காரல், நடுவில் நல்ல பாரை. சம்மாட்டி ஒரு சாக்கில் அள்ளிப் போட்டார். ஆறு கிலோ குறையாது.

“ஐயோ காணும் அண்ண, இவ்வளவு எதுக்கு.”

“ரெண்டு பேர் இழுத்தீங்க. அவருக்கு ஒரு கால்தான் எண்டு கணக்குப் பாத்தா தாறது?” எல்லாரும் சிரித்தார்கள். மச்சான்தான் எல்லாரிலும் கூடுதலாகச் சிரித்தார்.

இப்போது பாருங்கள் எங்கள் நிலைமையை. கரியர் இல்லாத இரண்டு சைக்கிள். ஆறு கிலோ மீன். உச்சி வெயில். மணலில் படர்ந்திருந்த அடம்பன் கொடியின் இலையைப் பறித்து மீனுக்கு மேல் போட்டு, கடல் தண்ணீரில் நனைத்து, சாக்கை ஜப்பான் சைக்கிளின் ஹாண்டிலில் கட்டினோம். சாக்கு ஆடியது. ஹாண்டில் ஆடியது. மச்சான் விழுந்தார். மீனைப் பொறுக்கிக் கழுவித் திரும்பவும் கட்டினோம். என்னுடையதில் கட்டினோம். நான் விழுந்தேன். கடைசியில் இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் ஒரு தடியில் சாக்கைத் தொங்கவிட்டு நடந்தோம்.

கால்வாய்க்கு வரும்போது மணி ஒன்றே கால். வள்ளம் அக்கரையில் கட்டியிருந்தது. அந்தோனி அண்ணன் செத்த மாதிரிப் படுத்திருந்தார். போன் அடித்தோம், எடுக்கவில்லை. கத்தினோம். நாரை மட்டும் பறந்தது.

நான் மேப்பைத் திறந்தேன். திரும்பி நுரைச்சோலை, பாலாவி, பிறகு பெரிய ரோட்டில் பதின்மூன்று கிலோமீற்றர். “மச்சான், மீன் நாறப் போகுது. உங்கட கால் வீங்கிட்டு. பாலாவியால போவம். ராத்தாவுக்குத் தெரிய வராது.”

“உண்ட ராத்தாவுக்கா? நான் மதுரங்குளியில தும்மினா, கனமூலையில இருந்து யர்ஹமுகல்லாஹ் சொல்றவ.”

“நான் சொல்ல மாட்டன்.”

மச்சான் சாக்குக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காலைத் தடவினார்.

“அது உண்ட ராத்தாட சட்டம் இல்லடா. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னன்.”

எனக்கு விளங்கவில்லை.

“அந்த ரோட்டுல எனக்கு ஏலா. கடைக்குக்கூட ஆட்டோலதான் போறன், கண்ண மூடிட்டு. ஹோன் கேட்டா ஆட்டோவ ஓரமா நிப்பாட்டச் சொல்றன். உனக்கிட்ட எப்பிடிச் சொல்ற? மச்சான் பயந்தாங்கொள்ளி எண்டு நெனப்பாய். அவள் சொல்லட்டும், அவளுக்குப் பயந்து எண்டு இரிக்கட்டும் எண்டு நெனச்சன். சைக்கிள் கடைக்காரரயும் நான்தான் வரச் சொன்னன். அந்த ரோட்டு இல்லாம ஓட வழி இரிக்கா எண்டு பாக்க வேண்டி இருந்திச்சி. இல்லாட்டி எனக்கென்னத்துக்கு சைக்கிள்?”

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அவரைப் பயமுறுத்திய பஸ்காரன் எங்கேயோ நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். இந்த மனிசன் தன் பயத்தை மறைக்கப் பெண்சாதியிடம் கெஞ்சிச் சட்டம் எழுதி வாங்கியிருக்கிறார். அவவும் எனக்கு முன்னால் நின்று கெட்ட பேர் எடுத்திருக்கிறா.

“ராத்தாவுக்கு போன் அடிங்க” என்றேன்.

அரை மணித்தியாலத்தில் அக்கரையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ராத்தா இறங்கி நேரே அந்தோனி அண்ணனின் வீட்டுக்குள் போனா. சத்தம் இங்கே கேட்டது. பிறகு அந்தோனி அண்ணன் சாரத்தை இறுக்கிக் கட்டியபடி வெளியே வந்தார். ராத்தா தண்ணீர் ஓரத்தில் நின்று வாயில் கையைக் குவித்துக் கத்தினா.

“ரோட்டால வந்தீங்களா?”

“வந்திருந்தா இங்கயா நிப்பம்?” நான் கத்தினேன்.

“அவர் சொல்லட்டும்!”

“இல்ல!” மச்சான் எழும்பி நின்று கத்தினார். “வழி இரிக்கி! வழி இரிக்கி!”

ராத்தா வள்ளத்தில் ஏறி எங்கள் கரைக்கே வந்துவிட்டா. வள்ளத்தின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மச்சானை விட்டு எடுக்காமல் வந்தா. அவவுக்கு வள்ளம் பிடிக்காது. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. இறங்கி முதலில் மச்சானின் காலைப் பார்த்தா. பிறகு சாக்கைத் திறந்து மூக்கைப் பொத்தினா.

“இதத் தூக்கிட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“வேணாம் எண்டு சொல்லக் கூடாதாம்.”

“ஒரு கரியர் இருந்திருந்தா பன்ரண்டுக்கு முந்தி வந்திருப்பீங்க.”

பாதி மீனை அந்தோனி அண்ணனுக்குக் கொடுத்தோம், தூக்கம் கெட்டதற்கு. வள்ளத்தில் எல்லாருக்கும் இடமில்லை. முதலில் சைக்கிள்களோடு நான் போனேன். நடுக் கால்வாயில் திரும்பிப் பார்த்தேன். ராத்தா மேற்கே தென்னைகளுக்கு அப்பால் கையைக் காட்டி என்னவோ கேட்டா. மச்சான் இரண்டு விரலைக் காட்டினார். கடலுக்கு இரண்டு கிலோமீற்றர்.

நாலு மணிக்குச் சைக்கிள் கடைக்காரர் சொன்னபடி வந்தார். பொரித்த பாரையும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு ராத்தா சொன்னா:

“விக்கிற யோசின இல்ல நானா. உங்கட கடையில கரியர் இரிக்கா? பாரம் தாங்குற மாதிரி?”

இந்த வழியால் போக நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். மாசி, பங்குனி நல்லது. சோழகம், தென்மேற்குக் காற்று, தொடங்கிய பிறகு வடக்கே போவது சுகம், திரும்புவது தண்டனை. கரைவலையும் அப்போது இருக்காது. கால்வாயிலிருந்து நுரைச்சோலை வரை கடை இல்லை, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். மேப்பில் உள்ள பாலத்தை நம்ப வேண்டாம். வள்ளக்காரர் சொல்லும் நேரத்தை நம்புங்கள். கயிறு குறுக்கே வந்தால் கையை வையுங்கள், அதற்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஊரைக் கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள், எனக்கு இன்னும் வரவில்லை. பெரிய ரோட்டில் ஓடப் பயமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

கட்டாயம் கரியர் பூட்டுங்கள். மச்சானின் ஜப்பான் சைக்கிளில் இப்போது கறுப்பு நிறத்தில் ஒன்று இருக்கிறது, அந்தச் சைக்கிளுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. போன ஞாயிறு பின்னேரம் அவர்கள் இரண்டு பேரும் கால்வாயைக் கடந்து கடலுக்குப் போனார்கள். ராத்தா ஒரு பக்கமாக உட்கார்ந்து குடை பிடித்திருந்தா. மேட்டு மணலில் இறங்கச் சொன்னதற்கு இறங்க மாட்டேன் என்றாவாம். இரண்டு பேரும் விழுந்தார்களாம்.